கொல்லையில் இருந்த காவல் மாடிக்கு ஏறவில்லை

கீரை விதைத்துவிட்டு, அதைப் பற்றிய கவலையே இல்லாமல் வீட்டார் உறங்கப் போன காலம் ஒன்று இருந்தது. இன்று மாடியில் இருபது பைகளில் காய்கறி வளர்க்கிறவர் ஐப்பசி மழை தொடங்கியதும் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சுடன் படியேறுகிறார். பயிர் அதே தண்டுக்கீரை, அதே கத்தரி, அதே அவரை. தின்ன வருவதும் அதே நத்தைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே நின்ற காவல் காணாமல் போய்விட்டது. வீட்டுத் தோட்டம் மண்ணிலிருந்து மாடிக்குப் போன இந்த ஐம்பது ஆண்டு மாற்றத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் காவலின் கதை.

அன்று: கிணற்றடியும் கொல்லையும்

மாம்பலம், தாம்பரம், கும்பகோணம், நாகர்கோவில் என்று எந்த ஊரானாலும் பழைய தனி வீட்டின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பின்கட்டைத் தாண்டினால் கிணறு. கிணற்றடியில் துவைக்கிற கல். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடிப்போய்ச் சேரும் இடத்தில் வாழை, அதன் அருகே சேம்பு. அதற்கப்பால் முருங்கையும் கறிவேப்பிலையும். பந்தலில் அவரை, புடலை. காய் சுருளாமல் நேராக இறங்க வேண்டும் என்று புடலையின் நுனியில் சிறு கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். பூசணிக் கொடி தானாகவே கூரை ஏறும்.

தொட்டியில் காய்கறி வளர்ப்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை. தொட்டி என்றால் துளசி, ரோஜா, குரோட்டன்ஸ். வாசல் திண்ணையோரம் காலி டால்டா டின்னில் ஒரு மல்லிகைப் பதியன் இருக்கும். காய்கறிக்கு மண் இருந்தது. விதையைக் கடையில் வாங்குவது அபூர்வம். முற்ற விட்ட வெண்டை, உலர்ந்த சுரைக்குடுக்கை, சாம்பலில் புரட்டி எடுத்த கத்தரி விதை எல்லாம் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது வயலுக்கு மட்டும் உரிய விதியாக இருக்கவில்லை, கொல்லைக்கும் அதுதான் நாட்காட்டி.

இதையெல்லாம் பொற்காலமாக மட்டும் சொன்னால் அது உண்மையாகாது. கிணற்றில் இறைத்த தண்ணீரில் பெரும்பகுதி பெண்களின் கைகள் இறைத்தது. கொல்லை சொந்த வீட்டுக்காரரின் உடைமை. ஒரே வீட்டில் ஆறு குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்தால் மண்ணில் கை வைக்கும் உரிமை வீட்டுக்காரருக்கே இருந்தது. நஞ்சும் இல்லாமல் இல்லை. எறும்புக்கும் பூச்சிக்கும் காமாக்சீன் பொடியை வெறுங்கையால் தூவிய வீடுகள் ஏராளம். அந்தப் பொடியின் மூலப்பொருளான பி.எச்.சி. இந்தியாவில் தடை செய்யப்பட்டது 1997-இல்தான்.

அன்றைய காவலர்கள்

நத்தை அன்றும் வந்தது. இன்று நம் தோட்டங்களை அதிகம் அழிக்கிற ஆப்பிரிக்கப் பெருநத்தை இந்த மண்ணுக்கு உரியதே அல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட அது, மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது 1847-இல். நத்தை ஓடுகளில் ஆர்வம் கொண்ட வில்லியம் ஹென்றி பென்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து பரவியது. ஒவ்வொரு நத்தையும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும். ஒரே முறையில் நூறு முட்டைகளுக்கு மேல் இடும். கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கி, முதல் மழைக்கு எழுந்து வரும்.

இத்தனை வலிமை இருந்தும் கொல்லையை அது முழுவதுமாக வென்றுவிடவில்லை. காரணம், அங்கே அதற்கு எதிரிகள் இருந்தார்கள்.

வேலிப் புதரில் செம்போத்து இருந்தது. கரிய உடல், செங்கல் நிறச் சிறகு, இரத்தச் சிவப்புக் கண். அதிகாலையில் 'ஊப் ஊப்' என்று ஆழமாகக் குரல் கொடுத்தபடி தரையில் நடந்து நடந்து இரை தேடும். பெருநத்தையையும் விடாமல் தின்னும் பறவை அது. கொல்லையில் மேய்ந்த கோழி குட்டி நத்தைகளையும் முட்டைகளையும் கிளறிப் பொறுக்கியது. கிணற்றடி ஈரத்தில் தேரைகள் தங்கின. இரவில் அவை பாத்திக்குள் வேட்டைக்கு இறங்கும். கீரிப்பிள்ளை வந்து போனது.

இன்னொரு காவலர் கூட்டத்தை நாம் காவலர் என்று உணர்ந்ததே இல்லை. மழைக்கால இரவுகளில் வேலியோரம் மின்னிய மின்மினிகளின் புழுக்கள் நத்தைகளை வேட்டையாடி வாழ்பவை. தன்னைவிடப் பெரிய நத்தையைக் கூடக் கடித்து, நஞ்சால் அசைவிழக்கச் செய்து தின்னும். குழந்தைகள் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்து வியந்த அந்த ஒளி, தோட்டத்து நத்தைகளைத் தின்று வளர்ந்த உயிரின் ஒளி.

இவற்றோடு மனிதர் செய்தது கொஞ்சம்தான். விறகடுப்புச் சாம்பலைக் காலையில் அள்ளி இலை மீதும் தண்டைச் சுற்றியும் தூவினார்கள். காய்ந்த சாம்பல் மீது நத்தை ஏறத் தயங்கும். மழையில் நனைந்தால் பயன் போய்விடும். ஆனால் அடுப்பு தினமும் எரிந்ததால் சாம்பலும் தினமும் கிடைத்தது. போதாக்குறைக்கு, கொல்லையில் நத்தைக்குத் தின்ன வேறு பொருள்கள் இருந்தன. வாழைச் சருகு, உதிர்ந்த முருங்கை இலை, குப்பைக்குழியின் அழுகல். அதையெல்லாம் தின்று மக்கச் செய்வதில் நத்தைக்கும் ஒரு பங்கு உண்டு. நான்கு நாற்று போனாலும் நாற்பது மிஞ்சியது.

இன்று: மண் இல்லாத மாடி

எண்பதுகளிலிருந்து சென்னையின் தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாயின. கொல்லை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. கிணறு மூடப்பட்டு ஆழ்துளைக் குழாய் வந்தது. எஞ்சிய நான்கடி மண்ணிலும் சிமென்ட் தளம் போட்டார்கள். வெயில் விழுகிற ஒரே பொது இடமாக மொட்டை மாடி மிஞ்சியது.

அங்கே தோட்டத்தைக் கொண்டுபோனதில் அரசுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. 160 சதுர அடிக்குப் போதுமான வளர்ப்புப் பைகள், தென்னைநார்க் கழிவு, விதை, உரம், கருவிகள் எல்லாம் பாதி மானியத்தில் கிடைத்தன. பின்னர் 2021-இல் தொடங்கிய 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்ட'த்தில் ஆறு பைகள், ஆறு தென்னைநார்க் கட்டிகள், ஆறு வகை விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேப்ப மருந்து ஆகியவை ஒரே தொகுப்பாக வந்தன. இடையில் 2020 ஊரடங்கு, அதுவரை செடி பக்கமே போகாதவர்களையும் மாடிக்கு அனுப்பியது.

பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளின் ஓரம் ஒரு காலத்தில் மலையாகக் குவிந்து கிடந்த தென்னைநார்க் கழிவு இன்று மாடித் தோட்டத்தின் மண்ணாகியிருக்கிறது. ஐந்து கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் எழுபது லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். தளத்துக்குச் சுமை குறைவு, வேர் ஓட இடம் அதிகம், ஈரம் நெடுநேரம் நிற்கும். செம்மண், மண்புழு உரம், தென்னைநார் மூன்றையும் சம அளவு கலந்து, கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்துப் பையை நிரப்புவது பலருடைய வழக்கம். பை இல்லாதவர்கள் பெயிண்ட் வாளி, எண்ணெய் கேன், தெர்மாகோல் பெட்டி, பழைய தண்ணீர்க் கேன் எதையும் விடுவதில்லை. அடியில் நான்கு துளை போட்டால் அது தொட்டி.

இதில் கிடைத்த பெரும்பேறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மண்ணே இல்லாதவருக்கும் தோட்டம் வாய்த்திருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் வீடு மாறும்போது கத்தரிச் செடியைப் பையோடு தூக்கிச் செல்கிறார். அன்று ஒண்டுக்குடித்தனக்காரருக்குக் கிடைக்காத உரிமை இது. விதைத்து இருபத்தைந்து நாளில் மருந்து படாத கீரை அடுப்புக்கு வருகிறது. ஓய்வு பெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகும் பெண்கள், ஆண்கள் என்று எல்லோரும் விதை பரிமாறுகிறார்கள். கொல்லையில் இல்லாத சமத்துவம் மாடியில் இருக்கிறது.

நத்தை மூன்றாம் மாடிக்கு வந்த வழி

மாடிக்கு நத்தை எப்படி வரும் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் வியக்கிறார்கள். பெரும்பாலும் நாம்தான் கொண்டுவருகிறோம். நர்சரியில் வாங்கும் நாற்றின் வேர்மண்ணிலும், மூட்டையாக வரும் தொழுவுரத்திலும், மிளகளவு உருண்டை முட்டைகள் ஒளிந்து வருகின்றன. குழாய் வழியாகவும் சுவர் வழியாகவும் ஏறி வருபவையும் உண்டு.

ஓடுள்ள நத்தை கண்ணில் பட்டுவிடும். ஓடில்லாத நத்தைதான் ஏமாற்றும். நம் பக்கம் அதிகம் தென்படுவது தட்டையான, கரும்பழுப்பு உடலும் முதுகின் நடுவே வெளிறிய கோடும் கொண்டது. ஓடு இல்லாததால் ஒரு நாணயத்தின் தடிமன் உள்ள இடுக்கிலும் நுழைந்துவிடும். பகலில் பையின் அடியிலும், நீர்வடி துளையிலும், பையின் மடித்த விளிம்புக்குள்ளும் சுருண்டு கிடக்கும்.

யோசித்துப் பார்த்தால், மாடியில் நாம் அமைத்திருப்பது நத்தைக்கு ஏற்ற வீடுதான். தென்னைநார் எப்போதும் ஈரமாக இருக்கிறது. பைகள் நெருக்கமாக நிற்பதால் அடியில் வெயில் படுவதில்லை. வேலை முடிந்து வந்து மாலையில் தண்ணீர் ஊற்றுகிறோம், இரவெல்லாம் மேற்பரப்பு நனைந்திருக்கிறது. தின்னச் சருகு இல்லை, இளம் நாற்று மட்டும் இருக்கிறது. செம்போத்துக்கு அங்கே புதர் இல்லை. தேரை படியேறி வராது. இரவு முழுக்க எரியும் விளக்குகளுக்கு நடுவே மின்மினிக்கு இடமே இல்லை. காஸ் அடுப்பில் சாம்பலும் இல்லை. கொல்லையில் பலர் சேர்ந்து பார்த்த வேலை முழுவதும் மாடியில் ஒரே மனிதரின் தலையில் விழுந்திருக்கிறது. புழுவெட்டு என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்துக்கொண்டே இருந்தும் நாற்று மறைகிற குழப்பம் இதனால்தான் வருகிறது.

குற்றவாளியை அடையாளம் காண்பது எளிது. புழு தின்ற இலையில் கறுப்புப் புழுக்கை கிடக்கும். நத்தை தின்ற இடத்தில் காலையில் காய்ந்த வெள்ளிக் கோடு தெரியும். முளைத்து நான்கு நாளான கீரை அடியோடு காணாமல் போயிருந்தால் அநேகமாக நத்தைதான்.

இன்றைய காவல்

கைவைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. முட்டை ஓட்டுத்தூள் போடு, செம்பு நாடா ஒட்டு என்பார்கள். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி இவற்றில் ஐந்தைத் தேர்ந்து லெட்யூஸ் செடிகளில் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. முட்டை ஓடு, செம்பு நாடா, கூரிய சரளை, மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகிய எதுவும், சும்மா விட்ட செடிகளோடு ஒப்பிடும்போது, நத்தைச் சேதத்தைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. நான்கு வருடம் கழித்து அதே அமைப்பு, நத்தைகளை இனி 'பீடை' என்ற பட்டியலில் வைக்கப் போவதில்லை என்று அறிவித்தது. அந்நாட்டின் 44 வகை ஓடில்லாத நத்தைகளில் ஒன்பது மட்டுமே தோட்டச் செடிகளைத் தின்பவை. மற்றவை அழுகலைத் தின்று மண்ணுக்கு உதவுபவை. அங்கே மண்ணில் செய்யும் தோட்டத்துக்கு அந்த முடிவு பொருந்தும். ஆறு பை மட்டும் வைத்திருப்பவர் எதிரி இல்லாத மாடியில் அதே பொறுமையைக் காட்ட முடியாது.

உப்பு வேண்டாம். நத்தையின் உடல் நீரை உறிஞ்சி உப்பு அதைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அதே உப்பு பையில் கரைந்து தங்கி வேரையும் கருக்கும். நிலத்திலாவது மழை கழுவிச் செல்லும், பத்து லிட்டர் பையில் அது எங்கே போகும்? மெட்டால்டிஹைடு உருண்டைகளும் வேண்டாம். நாய், பூனை, பறவைகளுக்கு அது நஞ்சு. பிரிட்டன் 2022 மார்ச் இறுதியோடு தோட்டங்களில் அதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. காகமும் அணிலும் குழந்தையும் உலவும் மொட்டை மாடியில் அதை இறைப்பது பெரும் ஆபத்து.

பலன் தருபவை எளிய பழக்கங்கள். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், இரவுக்குள் மேற்பரப்பு காய்ந்துவிடும். பைகளுக்கு இடையே ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். புதிய நாற்றை ஒரு வாரம் தனியே வைத்துக் கவனித்து, வேர்மண்ணைக் கிளறிப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். தொழுவுரத்தை வெயிலில் பரப்பிக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயன் தருவது பையைத் தரையிலிருந்து தூக்குவது. நம் பாட்டிமார் எறும்பு ஏறாமலிருக்கப் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள். இரும்பு ஸ்டாண்டின் நான்கு கால்களுக்கும் அதே உத்தி செல்லும். வெறும் தண்ணீராக விட்டால் டெங்கு கொசு முட்டையிடும். கல் உப்பைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, வாரம் ஒரு முறை கழுவி மாற்றுங்கள். உப்புக்கு உரிய இடம் அந்தக் கிண்ணம்தான். இலை சுவரைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் அதுவே பாலமாகிவிடும்.

மீறி வருபவற்றுக்குப் பொறி வைக்கலாம். நனைத்த கோணிச் சாக்கின் கீழ் பப்பாளித் தோலையோ முட்டைக்கோஸ் இலையையோ மாலையில் வைத்தால் காலையில் அங்கே கூடியிருக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாவும் நீரும் ஈஸ்ட்டும் கலந்து புளித்த கலவைக்கு நத்தைகள் கூட்டமாக ஈர்க்கப்படுவதைக் கண்டறிந்திருக்கிறார்கள். புளித்த மாவுக்கு நம் வீடுகளில் என்ன குறை? ஒரு கரண்டி வைத்துப் பார்க்கலாம்.

பொறுக்கும்போது கையுறையோ இடுக்கியோ கட்டாயம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் குட்டிகளை நத்தைகள் சுமக்கக் கூடும். அவை மனித உடலுக்குள் போனால் மூளை உறை அழற்சி வரை கொண்டுபோகும். பொறுக்கியவற்றைச் சோப்பு கலந்த உப்புநீர் வாளியில் போட்டு, பிறகு புதைத்துவிடுங்கள். பறித்த கீரையை ஒவ்வோர் இலையாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவி, நன்றாக வேகவையுங்கள். நத்தை நடமாடும் மாடியில் பறித்த இலையைப் பச்சையாகத் தின்னக் கூடாது.

இனி செய்ய வேண்டியது

மேலே சொன்ன அத்தனையும் ஒரு செம்போத்தும் நான்கு தேரைகளும் சில மின்மினிகளும் கூலி கேட்காமல் செய்த வேலைக்கு ஈடாக நாம் செய்வது. கொல்லை போனதை நாம் உணர்ந்தோம். அதனுடன் போன உயிர்களின் உழைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. அதனால்தான் மாடித் தோட்டத்துக்கான பயிற்சிகளிலும் கையேடுகளிலும் உரக் கலவைக்குக் கிடைக்கும் இடம் காவலுக்குக் கிடைப்பதில்லை. முதல் மழையில் நாற்றை இழந்தவர் தனக்குக் கைராசி இல்லை என்று பைகளை மடித்துவிடுகிறார். குறை அவர் கையில் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தராத வேலை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

கொல்லையை முழுதாகத் திரும்பப் பெற முடியாது. சிலவற்றைத் திரும்ப அழைக்க முடியும். குடியிருப்புச் சங்கம் அடுத்த முறை மதிலோரத்துக்கு டைல்ஸ் போடத் தீர்மானிக்கும்போது, அந்த நான்கடி மண்ணை அப்படியே விடச் சொல்லுங்கள். அங்கே ஒரு நொச்சிப் புதரும் ஒரு கொடியும் வளர்ந்தால் செம்போத்து தரையில் மேய இடம் கிடைக்கும். தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் தேரையைப் பார்த்தால் அடித்து விரட்டாதீர்கள். மதிலோர விளக்கை இரவு பத்துக்கு மேல் அணையுங்கள். கீழே நத்தை குறைந்தால் சுவர் ஏறி மேலே வருவதும் குறையும்.

மாடியில் மட்டும் காவல் நம்முடையதுதான். இந்த ஆண்டு ஆடியில் விதைத்தவர்கள் ஐப்பசிக்கு முன்பே ஸ்டாண்டை வாங்கிப் பைகளைத் தூக்கி வையுங்கள், காலையில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்துக்கு மாறுங்கள், மழை நாட்களில் இரவு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். புதிதாகப் பை வாங்குகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு விதையோடு இந்தக் கால் மணி நேரத்தையும் சொல்லிக் கொடுங்கள். மண்ணைப் பைக்குள் அடக்க நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். அதைக் காக்கவும் கற்றுக்கொண்டால் மாடித் தோட்டம் முழுத் தோட்டமாகும்.